தொடக்கப் பள்ளியில் சமத்துவம்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளை மனதில் வைத்துத் தொகுத்தவை. பெரும்பாலும் ஆசிரியர்கள் கேட்பவை, சில பெற்றோர் கேட்பவை. உறுதிமொழி, பேச்சுப்போட்டி, சுவரொட்டி பற்றி இதில் அதிகம் இருக்காது. யார் எங்கே உட்காருகிறார்கள், யார் பெருக்குகிறார்கள், யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பவை பற்றித்தான் இருக்கும். ஏற்றத்தாழ்வையோ சமத்துவத்தையோ பிள்ளைகள் கற்றுக்கொள்வது அங்கேதான் என்பது என் எண்ணம்.

ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குச் சாதியெல்லாம் தெரியுமா? நாமே பேசி மனதில் விதைத்துவிட மாட்டோமா?

தெரியும். சாதியின் பெயர் தெரியாமல் இருக்கலாம். எந்தத் தெருவுக்கு விளையாடப் போகக் கூடாது, யார் வந்தால் வாசலோடு நிறுத்துவார்கள், வயதில் மூத்த எவரைத் தாத்தா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் முதல் வகுப்புக்கு வருமுன்பே தெரிந்துவிடுகிறது. தெரியாத பிள்ளைக்கு ஊர் தெரிவித்துவிடும். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, இனிமேல் கடைக்கு வராதீர்கள், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்ன காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தது பள்ளிக்கூடம் இல்லை.

வேறு நாட்டுக் கதையும் இதுதான். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, 3 முதல் 7 வயது வரையிலான கருப்பினப் பிள்ளைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் கிளார்க்கின் ஆய்வும் குறிப்பிடப்பட்டது.

அதற்காக ஒன்றாம் வகுப்பில் சாதி பற்றி உரை நிகழ்த்த வேண்டியதில்லை. அங்கே நீங்கள் செய்ய வேண்டியது ஏற்பாடுகளைச் சரியாக வைப்பது. நான்கு, ஐந்தாம் வகுப்பில் வெளிப்படையாகவே பேசலாம். அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது சாக்குத் துணியைத் தானே கொண்டுபோய்த் தனியாக உட்கார்ந்ததும், பள்ளிப் பணியாளர் ஊற்றினால்தான் தண்ணீர், அவர் வராத நாளில் தண்ணீரே இல்லை என்றிருந்ததும் பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும். ‘ஏன் டீச்சர் அப்படிச் செஞ்சாங்க?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். ‘அது அந்தக் காலம்’ என்று முடித்துவிடாதீர்கள்.

பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது?

விரும்பிய இடத்தில் உட்காரச் சொன்னால் தெருவாரியாகத்தான் உட்காருவார்கள். சேர்ந்து நடந்து வருகிறவர்கள் சேர்ந்து உட்காருவதில் வியப்பில்லை. ஆனால் ஜூனில் அப்படி விட்டதை ஏப்ரல் வரை விட்டால், வகுப்பறைக்குள் ஊரின் வரைபடம் வந்துவிடும்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவன் சக மாணவர்களால் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு, 2023 ஆகஸ்டில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெரிய வகுப்புகளுக்கு அது சரி. தொடக்கப் பள்ளிக்கு மாதம் ஒரு முறை குலுக்கல் இன்னும் நல்லது என்பேன். சீட்டை எடுப்பது பிள்ளை, எழுதி வைப்பது நீங்கள். யார் யாரோடு என்று ஆசிரியர் முடிவு செய்யவில்லை என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. பார்வை, செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் முன்னிடம் நிரந்தரம். அதற்கான காரணத்தை வகுப்புக்குச் சொல்லிவிடுங்கள், மர்மம் வேண்டாம்.

2025இல் ‘ப’ வடிவ இருக்கை பற்றிப் பேச்சு எழுந்தபோது, கடைசி பெஞ்சு ஒழிந்தது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு, பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைக்குக் கழுத்து வலிக்குமே என்றவர்களும் உண்டு. இருபது பிள்ளைகள் இருக்கும் அறையில் செய்து பார்க்கலாம். நாற்பது பேரை நெருக்கி வைத்து ‘ப’ போட முயல்வது வீண் வேலை. எந்த வடிவமானாலும் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

‘அந்தப் பையன் பக்கத்துல என் பிள்ளைய உட்கார வைக்காதீங்க டீச்சர்’ என்று ஒரு பெற்றோர் வந்து சொல்கிறார். என்ன பதில்?

முதலில் காரணத்தைக் கேளுங்கள். அடிக்கிறான், பென்சிலைப் பிடுங்குகிறான் என்றால் அது வேறு விஷயம், அதைத் தீர்த்து வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. காரணம் சொல்லாமல் மென்று விழுங்கினால் அது எதுவென்று உங்களுக்கே தெரியும்.

நீண்ட விவாதம் வேண்டாம். ‘இல்லீங்கம்மா, இங்க மாசாமாசம் எல்லாருக்கும் சீட்டுக் குலுக்கித்தான் இடம். ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும், அது முடியாதுங்க’ என்று சொல்லிவிட்டு, பிள்ளை எப்படிப் படிக்கிறது என்ற பேச்சுக்குப் போய்விடுங்கள். குலுக்கல் முறையின் பெரிய நன்மையே இதுதான். நீங்கள் சாய்ந்துகொள்ள ஒரு விதி இருக்கிறது. விதி இல்லாத ஆசிரியர் ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டும். உள்ளூர்ப் பெரிய மனிதரிடமிருந்து போன் வந்தால் கொஞ்சம் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்போது தலைமையாசிரியர் உங்கள் பக்கம் நிற்க வேண்டும். இந்த விதியை ஜூன் மாதமே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வைத்துவிட்டால் அவருக்கும் நிற்பது எளிது.

காலை உணவு, சத்துணவு நேரத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

பள்ளியில் வேறெந்த இடத்தையும்விட இங்கே அதிகம் கவனிக்க வேண்டும். வீட்டில் சோறு பற்றி இருக்கும் எல்லா விலக்கும் தட்டோடு வந்துவிடுகிறது.

1956இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று இந்த மாநிலம் பள்ளியில் சோறு போட்ட கதை நீளமானது. பசியைத் தீர்ப்பதற்காக வந்தவை இவை. கூடவே ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றைச் சாப்பிடும் பழக்கமும் வந்தது. அதனால்தான் சிக்கலும் அங்கேயே வெடிக்கிறது. காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த சில வாரங்களில், 2023 செப்டம்பரில், தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில் சமையலர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தார்கள். கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும் அதே காலத்தில் இப்படி ஒன்று நடந்து, ஆட்சியர் நேரில் போய் எச்சரித்தார்.

அமைச்சர் ஒரு நாள் சாப்பிடுவார். மறுநாளும் அதற்கு மறுநாளும் சாப்பிட வேண்டியவர் நீங்கள். பரிமாறும் முன் ஓர் ஆசிரியராவது உணவை ருசி பார்க்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. பல பள்ளிகளில் சமையலறைக்குள் நின்று ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு பதிவேட்டில் கையெழுத்திடுவதோடு அது முடிகிறது. அதையே பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து ஒரு தட்டில் வாங்கிச் சாப்பிடுங்கள். சமையல்காரரைப் பிள்ளைகள் முன்னால் ‘அக்கா’ என்று கூப்பிடுங்கள். பெயரை மட்டும் சொல்லி ‘ஏய், இங்க வா’ என்று நீங்கள் கூப்பிட்டால் பிள்ளைகளும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று கண்ணில் படாமல் நடக்கிறது. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறவர்கள் வகுப்பறைக்குள், சத்துணவு வாங்குகிறவர்கள் வராந்தாவில். நாளடைவில் ‘சத்துணவுப் பசங்க’ என்று ஒரு சாதியே உருவாகிவிடுகிறது. எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு, ஆனால் அதற்காக அவர்களைத் தனி வரிசையில் நிறுத்தத் தேவையில்லை. ‘உங்க வீட்ல மாட்டுக்கறி சாப்பிடுவீங்களா?’ போன்ற விசாரணை ஆசிரியர் வாயிலிருந்து வரவே கூடாது.

வகுப்பறையைப் பிள்ளைகள் பெருக்கலாமா? கழிப்பறை?

வகுப்பறையைப் பெருக்குவது, கரும்பலகை துடைப்பது, தண்ணீர்ப் பானை நிரப்புவது எல்லாம் செய்யலாம். நல்ல பழக்கம்தான். ஆனால் முறை வைத்து எல்லாரும் செய்ய வேண்டும், பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆசிரியர் பெயரும் அதில் இருந்தால் நல்லது. பெண் பிள்ளைகள் துடைப்பமும் ஆண் பிள்ளைகள் மேசை தூக்குவதும் என்று பிரிக்காதீர்கள்.

கழிப்பறையைப் பிள்ளைகளைக் கொண்டு கழுவ வைக்கவே கூடாது, எந்தச் சாதிப் பிள்ளையாக இருந்தாலும். 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக வந்த புகாரில் தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். துப்புரவுப் பணியாளர் வராத நாளில் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஊராட்சித் தலைவரைக் கேளுங்கள், மேலாண்மைக் குழுவைக் கேளுங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை.

உதவித்தொகை, சான்றிதழ் எல்லாம் சாதி வைத்துத்தானே வருகிறது? வகுப்பில் சாதியைச் சொல்லாமல் எப்படி வேலை நடக்கும்?

நடக்கும். தகவல் பதிவேட்டிலும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையிலும் இருக்கிறது, அது போதும். 3ஆம் வகுப்பிலிருந்து பெண் குழந்தைகளுக்கான ஊக்கத்தொகை போன்றவற்றுக்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்க வேண்டியிருந்தால், அந்தப் பிள்ளையின் அம்மாவையோ அப்பாவையோ தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். ‘எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்திரி’ என்று வகுப்பில் எழுப்பி எண்ணுவது இன்றும் நடக்கிறது. ஒரு நிமிட வேலையை மிச்சப்படுத்த ஒரு பிள்ளையின் முகத்தில் முத்திரை குத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, உதவித்தொகைச் செய்தியைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும் என்பவையும் சந்துரு குழுவின் பரிந்துரைகளில் உள்ளன.

சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு இப்போது ஆரம்பப் பள்ளி வரை வந்துவிட்டது. அண்ணன் கட்டியிருக்கிறான் என்று தம்பியும் கட்டிக்கொள்கிறான். பிள்ளையைத் திட்டி அறுக்காதீர்கள். வீட்டைக் கூப்பிட்டு, எந்த நிறமானாலும் பள்ளிக்குள் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லுங்கள்.

சாதி, மதம் எதையும் குறிப்பிட வேண்டாம் என்று பெற்றோர் சொல்லலாமா?

சொல்லலாம். அந்தக் கட்டங்களை நிரப்பாமல் விடவும், ‘சாதி இல்லை, மதம் இல்லை’ என்று எழுதவும் 1973, 2000 ஆண்டுகளின் தமிழ்நாடு அரசாணைகள் இடம் தருகின்றன. சேர்க்கையின்போது ‘அப்படியெல்லாம் விட முடியாதுங்க’ என்று திருப்பி அனுப்புவது தவறு. இடஒதுக்கீட்டுச் சலுகை அப்போது கிடைக்காது என்பதை மட்டும் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெற்றோரை இதற்குத் தூண்டாதீர்கள். சாதிச் சான்றிதழ் அவர்கள் பிள்ளைக்கு உரிமைச் சீட்டு.

அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோமே, அதுவும் பாகுபாடா?

அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைக்கேற்பப் பிரிப்பது (அரும்பு தொடக்க நிலை, மலர் மேல்நிலை) பாடம் நடத்த உதவுகிற ஏற்பாடு. அந்தப் பிரிவு பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்டால் கெட்டுப்போகிறது. ‘அவன் அரும்புதானே’ என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கினால் எச்சரிக்கையாகுங்கள். கணக்கில் மலராக இருப்பவள் தமிழில் மொட்டாக இருக்கலாம். பாடத்துக்குப் பாடம் குழு மாறட்டும், அந்த வேலை முடிந்ததும் எல்லாரும் கலந்து உட்காரட்டும். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: உங்கள் அரும்புக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தெருக்காரர்களாக இருந்தால், யார் பக்கம் அதிக நேரம் போகிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

தமிழ் தெரியாத பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். என்ன செய்வது?

திருப்பூர், சென்னைப் புறநகர், திருவள்ளூர்ச் செங்கல் சூளைப் பகுதி என்று பல இடங்களில் இது அன்றாடக் கேள்வி. முதலில் அந்தப் பிள்ளையை ‘இந்திக்காரப் பையன்’ என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். அவன் ஒடிசாவிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்திருப்பான், வீட்டில் இந்தியே இருக்காது. பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், நாலு முறை சொன்னால் நாக்கில் வந்துவிடும்.

அவன் மொழியை வகுப்புக்குள் விடுங்கள். ஒன்று முதல் பத்து வரை அவன் சொல்லிக் கொடுக்கட்டும், மற்றவர்கள் திருப்பிச் சொல்லட்டும். தண்ணீர், வலிக்கிறது, கழிப்பறை, பசிக்கிறது ஆகிய சொற்கள் அவன் மொழியில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொறுப்பான ஒரு பிள்ளையைத் துணைக்கு விடுங்கள், ஆனால் மாதம் முழுக்க ஒரே பிள்ளை மேல் அந்தச் சுமையை வைக்காதீர்கள். ஆறேழு மாதத்தில் விளையாட்டுத் திடலில் தமிழ் வந்துவிடும், பாடப் புத்தகத் தமிழுக்கு இன்னும் நாளாகும். அதற்குள் ‘மக்கு’ என்று முடிவு கட்டுவதுதான் பெரிய அநியாயம்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்துவதில்லை. நரிக்குறவர் பிள்ளைகளின் வீட்டு மொழி வாக்ரிபோலி. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், மதுரையில் சௌராஷ்டிரமும் வீட்டில் உண்டு. மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளை பேசுவது தமிழ்தான், இருந்தும் பேச்சு வேறு மாதிரி இருப்பதால் ‘சிலோன்காரி’ என்று கேலிக்கு ஆளாகிறாள். அவள் பேச்சைத் திருத்த வேண்டாம். அதுவும் ஒரு தமிழ் என்று ஒரே ஒரு முறை வகுப்பில் சொன்னால்கூடப் போதும்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளையை எங்கள் பள்ளியில் சேர்க்க மறுக்கலாமா? எங்களிடம் வசதி இல்லையே.

மறுக்க முடியாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, பெற்றோர் விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை தருகிறது. வசதி இல்லை என்றால் வட்டார வள மையத்தில் கேளுங்கள். சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர், உபகரணங்கள் அங்கிருந்து வர வேண்டும்.

மற்றதெல்லாம் பழக்கம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாமல் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பேசினால், காது மந்தமான பிள்ளை உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்ளும். விளையாட்டு வகுப்பில் அந்தப் பிள்ளையை மதிப்பெண் குறிக்க உட்கார வைத்துவிடாதீர்கள், அவர்களும் விளையாடும்படி ஆட்டத்தை மாற்றுங்கள். ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டுவதும் கேலியின் தங்கைதான்.

2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் ஊக்கப் பேச்சு என்று வந்தவர், உடல் குறைபாடுகள் முற்பிறவிப் பாவத்தால் வருவதாகப் பேசினார். அங்கேயே எழுந்து கேள்வி கேட்டவர் பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியர். யாரை அழைக்கிறோம், என்ன பேசப் போகிறார் என்று விசாரிக்காமல் பிள்ளைகள் முன் மைக்கைக் கொடுப்பதை எல்லாப் பள்ளிகளும் அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆண், பெண் பேதத்தை இந்த வயதில் எப்படிக் குறைப்பது?

‘பேசிக்கிட்டே இருந்தா பொம்பளப் பிள்ள பக்கத்துல உட்கார வச்சிடுவேன்’ என்ற மிரட்டலை விடுவதிலிருந்து ஆரம்பிக்கலாம். பெண்ணருகில் உட்காருவது தண்டனை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு மரியாதை பற்றிப் பாடம் எடுத்துப் பயனில்லை.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்து வளையஞ்சிறங்கர அரசுத் தொடக்கப் பள்ளி, எல்லாப் பிள்ளைகளுக்கும் முக்கால் கால்சட்டையும் சட்டையும் சீருடையாக வைத்தது. பெண் பிள்ளைகள் தயங்காமல் ஓடவும் ஏறவும் முடிந்தது. 2024இல் அம்மாநில மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவும் படம் வந்தது. நம் சீருடையை ஒரு பள்ளி தானாக மாற்ற முடியாது, ஆனால் திடலைப் பாதியாகப் பிரித்துப் பந்தைப் பெண்களிடமும் கொடுக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை.

மென்மையாக நடக்கும், கோலம் போடப் பிடிக்கும் பையன்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். கேலி முதலில் வருவது பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்து. ‘ஏன்டா பொண்ணு மாதிரி’ என்ற சொல் உங்கள் வகுப்பில் கேட்கக் கூடாது. அந்தப் பையனைக் கோலப் போட்டிக்கு அனுப்புங்கள். அவன் பெரியவனாகி என்னவாக இருப்பான் என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம்.

ஆண்டு விழாவில் எப்போதும் அதே பிள்ளைகள்தான் முன்வரிசையில். இது தவறா?

ஆம். நிறமான பிள்ளை பாரதமாதா, கருத்த பிள்ளை மரம். சிவப்பாக இருப்பவர்கள் முதல் வரிசை, மற்றவர்கள் பின்னால் கை ஆட்டலாம். நடன ஆடைக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் விருந்தினருக்குத் தண்ணீர் எடுத்துப் போகலாம். நாம் யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்வதில்லை, ஆனால் பத்து ஆண்டு விழாப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், தெரியும். பாட்டின் நடுவில் வரிசை மாறும்படி ஆடச் சொல்லுங்கள், வேடத்துக்குச் சீட்டுக் குலுக்குங்கள், ஆடை சீருடையாகவே இருக்கட்டும். விழா கொஞ்சம் சுமாராக வரும். பரவாயில்லை.

பள்ளியில் சரஸ்வதி பூஜை செய்யலாமா? வழிபாட்டில் சேர விரும்பாத பிள்ளையை என்ன செய்வது?

முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதப் போதனை கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில்கூட, பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை வழிபாட்டில் கலந்துகொள்ளச் செய்ய முடியாது. சமத்துவப் பொங்கல் எல்லாருக்கும் பொது. ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தீபாவளிக்கும் அந்தந்த வீட்டுப் பிள்ளை தன் வீட்டில் என்ன செய்வார்கள் என்று சொல்லட்டும். பூஜையை வீட்டுக்கு விட்டுவிடுவதுதான் சரி.

இதில் ஒரு பழைய வழக்கு நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் நம்பிக்கைப்படி பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. அமைதியாக நிற்கும் ஒரு பிள்ளையால் காலை வணக்கக் கூட்டம் கெட்டுவிடாது.

எங்கள் பள்ளியில் எல்லாரும் ஒரே தெருப் பிள்ளைகள். எங்களுக்கு இது பொருந்துமா?

வருத்தமான கேள்வி, இப்போது அடிக்கடி கேட்கிறது. வசதியுள்ளவர்களின் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேன் காலையிலேயே ஏற்றிப் போய்விடுகிறது, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒரு தெருவின் பள்ளியாகச் சுருங்குகிறது. ஒரு பள்ளியால் இதைத் தனியாகச் சரிசெய்ய முடியாது. பக்கத்து ஊர்ப் பள்ளியோடு மாதம் ஒரு நாள் சேர்ந்து விளையாட்டு, நூலக நேரம், களப்பயணம் என்று வைக்கலாம். ஒரே தெருவுக்குள்ளும் ஆண் பெண், நிறம், உடல்நிலை, அப்பா இல்லாத வீடு, குடிக்கிற அப்பா இருக்கிற வீடு என்று வேறுபாடுகளுக்குக் குறைவில்லை.

கண் நிறத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து ஒரு டீச்சர் நடத்திய பயிற்சியை யூடியூபில் பார்த்தேன். என் வகுப்பில் செய்யலாமா?

வேண்டாம். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்பில் செய்தது அது. ஒரு நாள் நீலக் கண் உயர்ந்தது, மறுமுறை பழுப்புக் கண் உயர்ந்தது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் வெள்ளையினப் பிள்ளைகள். பாகுபாடு என்றால் என்னவென்றே உணராதவர்களுக்கு அதை உணர்த்துவது நோக்கம். நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த உணர்வு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். தெரிந்த வலியைத் திரும்பக் கொடுத்து என்ன கற்பிக்கப் போகிறோம்?

ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சாதி சொல்லித் திட்டிவிட்டது. அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

பாடத்தை நிறுத்துங்கள். ‘இந்த வகுப்பில் இந்த வார்த்தை கிடையாது’ என்று ஒரு வாக்கியம் போதும். பிறகு திட்டு வாங்கிய பிள்ளையிடம் முதலில் போங்கள். பெரும்பாலும் நாம் திட்டியவனை விசாரிப்பதிலேயே நேரத்தைச் செலவிட்டு, வாங்கியவனை மறந்துவிடுகிறோம். இருவரையும் உடனே கை குலுக்க வைப்பது நம் நிம்மதிக்காகச் செய்வது. வாங்கியவனுக்கு இன்னும் கோபம் தீர்ந்திருக்காது, தீர வேண்டிய அவசியமும் இல்லை.

திட்டியவனைப் பிறகு தனியாகக் கூப்பிட்டு, அந்த வார்த்தையை எங்கே கேட்டான் என்று கேளுங்கள். பெரும்பாலும் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேரும். அடிக்காதீர்கள். உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை. பெற்றோரை வரவழைத்து நடந்ததைச் சொல்லுங்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள். திரும்ப நடந்தால் அந்தக் குறிப்பு தேவைப்படும்.

பாகுபாடு காட்டுவது ஆசிரியரே என்றால் பெற்றோர் எங்கே போவது?

தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். தலைமையாசிரியர் மீதே புகார் என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அடுத்து மாவட்டக் கல்வி அலுவலர். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கேயும் பேசலாம், ஆனால் ஊர்ப் பகை குறுக்கே வரும் என்று தோன்றினால் அந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். போனில் சொல்ல 14417 கல்வி உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். தீண்டாமை, சாதி சொல்லி இழிவு செய்தது என்றால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் காவல் நிலையத்திலேயே புகார் தரலாம், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.

புகார் கொடுத்ததும் ‘பிள்ளைய வேற ஸ்கூலுக்கு மாத்திடுங்களேன்’ என்று யாராவது சமாதானம் பேச வருவார்கள். அவசரப்பட்டு மாற்றுச் சான்றிதழ் வாங்காதீர்கள். மனுவின் நகலையும் ரசீதையும் வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.